மேட்டுப்பாளையம் – குன்னூர் நீராவி ரயில்: கடைசிப் பெட்டியில் ஏறுங்கள்

நீலகிரி மலை ரயிலைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்ததைத்தான் எழுதுகிறார்கள். மேகம், அருவி, தேயிலை, கடைசியில் ஊட்டி வர்க்கி. எனக்கு மலை ஒன்றும் புதிதில்லை, வானம் தெளிந்த நாளில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஏறினாலே தெரியும். நான் கோவை கணபதியில் நாற்பது வருடம் லேத் பட்டறை வைத்திருந்தவன், பம்ப் செட்டுக்கு ஷாஃப்டும் புஷ்ஷும் கடைந்து கொடுத்தே காலம் போனது. ஐம்பது டன்னை ஒட்டிய எடையில், நான்கு சிலிண்டர் போட்ட ஒரு நீராவி இன்ஜின் மூச்சு வாங்கி வேலை செய்வதைக் கைக்கெட்டும் தூரத்திலிருந்து பார்ப்பது அப்படித் தினம் கிடைக்கிற காட்சியா? அதனால் இது அந்த இன்ஜினைப் பற்றிய விமர்சனம். பூ பார்க்கப் போகிறவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

நான், வீட்டுக்காரம்மா, ஏழாவது படிக்கும் பேரன், மூன்று பேரும் பள்ளி லீவில் போனோம். டிக்கெட்டுக்கு முதலில் ஒரு டிராவல்ஸ்காரரிடம் போனதுதான் நான் செய்த தப்பு. "முன்னாடி பெட்டி ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்கினாத்தான் சார் மலை தெரியும், ஊட்டி வரைக்கும் புகை வண்டிதான்" என்று அடித்துச் சொன்னார், அதற்கு ஒரு கமிஷன் வேறு. ஊட்டி வரை நீராவி கிடையாது, குன்னூரோடு சரி, அதற்கு மேல் டீசல். முன்னாடி பெட்டி விஷயம் பொய் இல்லை, மலை நன்றாகத்தான் தெரியும். ஆனால் இன்ஜின் அங்கே இருக்காது. இந்த வண்டியில் ஏற்றத்தில் இன்ஜின் இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. கொக்கி அறுந்தால் பெட்டிகள் கீழே உருண்டு ஓடிவிடக் கூடாது என்பதற்காக இன்ஜினையே பள்ளத்துப் பக்கம் நிறுத்தியிருக்கிறார்கள். முன்னால் பார்த்துச் சொல்ல டிரைவருக்குக் கண் இல்லை, அதனால் ஒவ்வொரு பெட்டியின் முன் பால்கனியிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நின்றுகொண்டு பச்சை, சிவப்புக் கொடியால் பின்னால் இருக்கிறவருக்குச் சேதி சொல்லிக்கொண்டே வருகிறார். பாதையில் யானை நின்றால்கூட முதலில் பார்ப்பது அவர்தான். பிறகு நானே ஆன்லைனில் உட்கார்ந்து, இரண்டாம் வகுப்பில், இன்ஜினை ஒட்டிய பெட்டியைப் பிடித்தேன்.

காலை 7.10-க்கு வண்டி. ஆறரைக்கே நடைமேடைக்குப் போய்விட்டோம், நீங்களும் போய்விடுங்கள், ஏனென்றால் ஓடும்போது பார்க்க முடியாத சிலதை நிற்கும்போதுதான் பார்க்க முடியும். எக்ஸ் வகை என்று பெயர், சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் வரைந்த டிசைன், முதல் இன்ஜின் 1914-இல் வந்தது, கடைசியாக அங்கிருந்து வந்த தொகுதி 1952-இல். பக்கவாட்டில் நின்று பார்த்தால் முதலில் குழப்பமாக இருக்கும். எல்லா நீராவி இன்ஜினிலும் இருப்பது போல் கீழே ஒரு சிலிண்டர், அதிலிருந்து ராடு, சக்கரம். சரி. அதற்கு நேர் மேலே இன்னொரு சிலிண்டர், இன்னொரு ராடு, ஆனால் அந்த ராடு வெளியே தெரிகிற எந்தச் சக்கரத்துக்கும் போகவில்லை. பேரன் குனிந்து, வளைந்து, நடைமேடை விளிம்பில் உட்கார்ந்தெல்லாம் தேடினான். "தாத்தா, இது எங்க போகுது?" கல்லாறு வரட்டும் என்றேன்.

கல்லாறு வரை சாதாரண ரயில்தான், சமவெளி, பாக்குத் தோப்பு, ஆற்றுப் பாலம். வேகமும் முப்பது கிலோமீட்டரை ஒட்டி. கல்லாறிலிருந்து குன்னூர் வரை சுமார் இருபது கிலோமீட்டரில் ஏறக்குறைய 1,300 மீட்டர் ஏறியாக வேண்டும். செங்குத்தான இடங்களில் பன்னிரண்டு அடி போனால் ஓர் அடி ஏற்றம். மெயின் லைனில் நூறு அடிக்கு ஓர் அடி ஏறினாலே டிரைவர்கள் ஏற்றம் என்பார்கள், இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் வழுக்கத்தான் செய்யும். அதற்காகத்தான் தண்டவாளங்களுக்கு நடுவில் பல் சட்டம். ஆப்ட் முறை என்பார்கள், சுவிஸ்காரர் ரோமன் ஆப்ட் கண்டுபிடித்தது, இந்தியாவில் பல் சட்டத்தில் ஏறும் ரயில் இது ஒன்றுதான். சட்டம் ஒன்றல்ல, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு. ஒன்றில் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம், அதனால் எந்த நொடியில் பார்த்தாலும் ஏதாவது ஒரு பல் பிடியில் இருக்கும். பல்லைச் சாய்வாக வெட்டிய ஹெலிகல் கியர் ஏன் உதறாமல் ஓடுகிறது என்று தெரிந்தவர்களுக்கு இது ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. சட்டம் ஆரம்பிக்கும் இடத்தில் ஒரு துண்டை ஸ்பிரிங் மேல் நிறுத்தியிருப்பார்கள், இன்ஜினின் பல் சக்கரம் பல்லின் தலையில் வந்து இடித்தாலும் அது அமுங்கிக் கொடுத்து, சரியான பல்லில் விழ விடும். பல் சக்கரம் சட்டத்தைப் பிடிக்கும்போது அடியில் ஒரு 'கடக்', உட்கார்ந்திருக்கும் பலகையிலேயே தெரிகிறது. கடைசிப் பெட்டி என்பதால் எங்களுக்கு நன்றாகவே தெரிந்தது.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் பேரன் முதலில் கவனித்தான். "தாத்தா, வண்டி ஸ்லோவாகுது, சத்தம் மட்டும் ஃபாஸ்ட்டாகுதே!"

நாற்பது வருடம் மெஷின் சத்தம் கேட்டே நோய் கண்டுபிடித்தவன் நான், எனக்கு முன்னால் அவன் பிடித்துவிட்டான். விஷயம் இதுதான். சமவெளியில் கீழ் சிலிண்டர்கள் இரண்டும் மட்டும் வேலை செய்யும், நீராவி அவற்றைத் தள்ளிவிட்டு நேராகப் புகைபோக்கிக்குப் போய்விடும். பல் சட்டம் வந்ததும் டிரைவர் ஒரு வால்வை மாற்றுகிறார். கீழே வேலை செய்து முடித்த நீராவி வெளியே போகாமல் மேல் சிலிண்டர்களுக்குப் போகிறது, அவைதான் உள்ளே ஒளிந்திருக்கும் பல் சக்கரங்களைச் சுற்றுகின்றன. கரும்பு ஜூஸ் கடையில் ஒருமுறை பிழிந்த கரும்பை மடித்து மறுபடி விடுவார் இல்லையா, அதே கதை. ஒரு நீராவியில் இரண்டு வேலை. மேல் சிலிண்டருக்கும் பல் சக்கரத்துக்கும் நடுவில் வேகத்தைக் குறைக்கும் ரிடக்‌ஷன் கியர் இருப்பதால் மேல் ராடுகள் கீழ் ராடுகளைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில், அதுவும் எதிர்த்திசையில் சுற்றுகின்றன. புகைபோக்கியில் வரும் மூச்சு இப்போது மேல் சிலிண்டரின் மூச்சு, அதனால்தான் வண்டி பதின்மூன்று கிலோமீட்டர் வேகத்துக்குள் தவழும்போது சத்தம் மட்டும் ஓட்டமாக ஓடுகிறது. இந்தப் பாதையில் மொத்தம் 208 வளைவுகள். ஏறும் வழியில் வளைவு வரும்போதெல்லாம் ஜன்னலில் கன்னத்தை ஒட்டி வைத்துப் பின்னால் பார்த்தால் கீழ் ராடு நிதானமாக ஒரு பக்கமும் மேல் ராடு பரபரவென்று மறு பக்கமும் சுற்றுவது தெரியும். முன்னாடி பெட்டியில் இருந்த யாருக்கும் இது தெரியாது. பாவம், மலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

வழியில் ஹில்குரோவ் ஸ்டேஷனில் தண்ணீர் பிடிக்க நிற்கும். எல்லோரும் இறங்கி டீ, வடை என்று போவார்கள், அங்கே குரங்குகள் வடைக்காகவே காத்திருக்கும், என் பக்கத்து சீட்டுக்காரரின் பிஸ்கட் பாக்கெட்டு முழுசாகப் போனது. நீங்கள் இன்ஜின் பக்கம் போங்கள், தள்ளி நில்லுங்கள், அவர்கள் வேலைக்குக் குறுக்கே போகாதீர்கள். யானைத் தும்பிக்கை மாதிரித் தொங்கும் குழாயை டேங்கின் வாயில் இழுத்து விட்டுவிட்டு ஒருவர் மேலே நின்றார். இன்னொருவர் நீள மூக்கு எண்ணெய்க் கேனோடு இறங்கினார். அவர் செய்ததை நான் வரிசையாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதற்காகவே நான் டிக்கெட் காசு கொடுத்திருப்பேன். ஒவ்வொரு ராடு முனைக்கும் போய் முதலில் புறங்கையை வைத்துப் பார்த்தார். அப்புறம்தான் எண்ணெய். உள்ளங்கையை வைக்கவில்லை, காய்த்துப்போன உள்ளங்கைக்குச் சூடு சட்டென்று தெரியாது, புறங்கைக்கு உடனே தெரியும். எங்கள் பட்டறையில் என் அப்பா எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடமே இதுதான். பிறகு ஒரு சின்னச் சுத்தியலால் இரண்டு மூன்று நட்டுகளைத் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டார். இறுகியிருந்தால் 'டிங்' என்று மணி மாதிரி ஒலிக்கும், தளர்ந்திருந்தால் 'டப்' என்று செத்த ஒலி. கடைசியாக பனியன் வேஸ்ட்டால் கேனின் மூக்கைத் துடைத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

இங்கே ஒன்று கவனியுங்கள். இன்ஜின் எப்போதும் புகைபோக்கி மேட்டுப் பக்கமாகவே நிற்கும். அழகுக்கு இல்லை. சாய்ந்த குடத்தில் தண்ணீர் ஒரு பக்கம் ஒதுங்குவது போல் பாய்லர் தண்ணீரும் பள்ளத்துப் பக்கம் ஒதுங்கும். அந்தப் பக்கம்தான் நெருப்பறை. நெருப்பறையின் மேல் தகடு எப்போதும் தண்ணீருக்கு அடியில் இருந்தாக வேண்டும், ஒரு சில நிமிஷம் வெளியே தெரிந்தாலே தகடு பழுத்து, வளைந்து, பாய்லரே போய்விடும். திருப்பி நிறுத்தினால் ஏற்றத்தில் அதுதான் நடக்கும். அதையும் மீறித் தண்ணீர் குறைந்தால் என்ன செய்வது என்பதற்கு நெருப்பறைத் தகட்டில் ஈயம் ஊற்றிய திருகு வைப்பார்கள், ஈயம் உருகி, நீராவி நெருப்பு மேலேயே பாய்ந்து எச்சரிக்கும். உங்கள் வீட்டு குக்கர் மூடியில் இருக்கும் சேஃப்டி வால்வும் இதன் சித்தப்பா மகன்தான்.

குன்னூரில் நீராவி இன்ஜினைக் கழற்றுகிறார்கள், ஷெட் பக்கத்திலேயே. வீட்டுக்காரம்மாவும் பேரனும் இட்லி வாங்கப் போக, நான் நடைமேடையின் கோடிக்குப் போய் நின்றேன். ஒரு பிட்டர், முப்பத்தைந்து வயது இருக்கும், கையெல்லாம் கிரீஸ்.

"தம்பி, பேரிங் எவ்வளவு சூடு வரை விடுவீங்க?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஐயா மெக்கானிக்கா?"

"லேத்து. கணபதி."

"அப்படின்னா உங்களுக்குத் தெரியாததா? புறங்கையில வச்சுப் பத்து எண்ணணும்ங்க ஐயா. எண்ண முடிஞ்சா ஓடும். அஞ்சுலயே கையை எடுத்துட்டா அன்னிக்கு எங்களுக்கு ராத்திரி வேலை."

எங்கள் பட்டறையில் ஐந்துதான் எண்ணுவோம். அவரிடம் சொல்லவில்லை.

பேசிக்கொண்டிருந்ததில் தெரிந்தது, மற்ற வேலையைவிட இவர்களுக்கு பாய்லர்தான் தலைவலி. நீராவி இன்ஜினை ஸ்விட்சைப் போட்டுக் கிளப்ப முடியாது. மெதுவாக, பல மணி நேரம் எடுத்துச் சூடேற்ற வேண்டும், அவசரப்பட்டால் தகடு ஒரு வேகத்திலும் குழாய்கள் ஒரு வேகத்திலும் விரிந்து, குழாய் தகட்டில் உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஒழுக ஆரம்பிக்கும். நிறுத்தும்போதும் அப்படித்தான், தானாக ஆற விட வேண்டும். நாளாக ஆக உள்ளே உப்புப் படியும், போர் தண்ணீரில் இட்லி அவிக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் பிடிக்குமே, அதேதான், ஆனால் இங்கே அந்தப் படிவு இருக்கும் இடத்தில் வெப்பம் தண்ணீருக்குப் போகாமல் இரும்பிலேயே தங்கி இரும்பைத் தின்னும். அதனால் குறிப்பிட்ட நாளுக்கு ஒருமுறை ஆறவைத்து, திருகுகளைக் கழற்றி, தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவியாக வேண்டும். பெரிய வேலை என்றால் திருச்சி பொன்மலைக்குப் போக வேண்டும், 1928-இலிருந்து இருக்கும் ஒர்க்‌ஷாப். இந்த இன்ஜின் மீட்டர் கேஜ், தண்டவாள இடைவெளி ஒரு மீட்டர்தான், கீழே இறங்கினால் சுற்றிலும் அகலப் பாதை. தன் காலில் நடந்து டாக்டரிடம் போக முடியாத நோயாளி, தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

ஸ்பேர் பார்ட்ஸ் கதையும் அப்படித்தான். விண்டர்தூரில் செய்த அந்தக் கம்பெனி இன்று அந்தப் பெயரிலேயே இல்லை. வாங்கிய கடையில் போய்க் கேட்க முடியாது, தேய்ந்த உருப்படியை அளந்து, வரைந்து, இங்கேயே வார்த்து, கடைந்து போட வேண்டும். என்னைப் போன்றவனுக்கு இதில்தான் நெஞ்சு நிறைகிறது. ஏனென்றால் பொன்மலைக்காரர்கள் ஒரு கட்டத்தில் பார்ட்ஸோடு நிற்கவில்லை, முழு இன்ஜினையே செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். 2011-இல் தொடங்கி, நெருப்புக்கு எண்ணெய் எரிக்கும் புது எக்ஸ் வகை இன்ஜின்கள் நான்கு. பிறகு 2021-இல் பழைய மாதிரியே நிலக்கரியில் ஓடும் ஒன்று. எங்களைத் தள்ளி வந்தது எண்ணெய் இன்ஜின்தான்.

உடனே ஒரு கூட்டம் கேட்கும்: புதிதாகச் செய்த இன்ஜின் எப்படி சார் பாரம்பரியம் ஆகும்? என் பெட்டியிலேயே ஒருவர், கழுத்தில் பெரிய கேமரா, "இது ஒரிஜினல் இல்ல, டூப்ளிகேட்" என்று முகம் சுளித்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது, ஆனால் குளிரில் வாதம் செய்ய மனமில்லை, இங்கே எழுதுகிறேன். 1914-இல் வந்த இன்ஜினில் இன்று எத்தனை இரும்பு 1914-இன் இரும்பாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? குழாய் மாற்றியிருப்பார்கள், சக்கரத்தின் டயர் மாற்றியிருப்பார்கள், பல் சக்கரம் தேய்ந்து தேய்ந்து மாறியிருக்கும், நெருப்பறையே மாறியிருக்கலாம். நீராவி இன்ஜின் என்பது தன்னைத் தானே தின்றுகொண்டே ஓடும் மெஷின், அதை ஓட்டினால் மாற்றியே ஆக வேண்டும், மாற்றக் கூடாது என்றால் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். நான் பட்டறையில் சேர்ந்த காலத்தில் பேரிங்குக்கு ஒயிட் மெட்டல் என்ற மெத்தென்ற உலோகக் கலவையை உருக்கி ஊற்றி, கடைந்து, ஒட்டுகிற இடத்தைக் காட்டிக்கொடுக்கும் புளூ மை தடவிப் பார்த்து, ஒட்டுகிற இடத்தை மட்டும் ஸ்கிரேப்பரால் சுரண்டி, மறுபடி புளூ தடவி, மறுபடி சுரண்டி, ஒரு பேரிங்குக்கு ஒரு பகல் ஆகும். இன்று எங்கள் ஏரியாவில் அதைச் செய்யத் தெரிந்தவர்கள் என்று எண்ணினால் ஒரு கை போதும், அதில் ஒரு விரல் நான், எனக்குக் கண் தெரியவில்லை. புது எக்ஸ் இன்ஜின் செய்ததால் திருச்சியில் முப்பது வயதுப் பையன்கள் கொஞ்சப் பேருக்கு அந்த வேலை கைக்கு வந்திருக்கிறது. கேமராக்காரர் டூப்ளிகேட் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் எண்ணெய் நெருப்பில் ஒன்று போய்விட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நிலக்கரி வாசனை. சின்ன வயதில் போத்தனூரில் நின்ற வண்டிகளின் அந்தக் கந்தக வாசனை இதில் இல்லை, அடுப்பில் மண்ணெண்ணெய் வழிந்த வாசனைதான். மண்வாரியால் கரி அள்ளிப் போடும் காட்சியும் இல்லை, ஃபயர்மேன் கையில் வால்வு மட்டும். அவர் ஓயாமல் எட்டிப் புகைபோக்கியைப் பார்ப்பார்: கருப்பாகக் கக்கினால் எண்ணெய் அதிகம், லேசான சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய திரை மாதிரி வந்தால் சரி. தோசைக்கல் சூட்டைத் தண்ணீர் தெளித்துப் பார்ப்பது போல ஒரு கலை இதுவும், இருந்தாலும் கரி கரிதான்.

குன்னூருக்கு மேல் டீசல். அருவங்காடு, கேத்தி, லவ்டேல் எல்லாம் அழகான இடங்கள், நான் தூங்கிவிட்டேன்.

இறங்கும்போதும் ரயிலிலேயே வாருங்கள். நிறையப் பேர் ஏறுவதற்கு மட்டும் டிக்கெட் வாங்கிவிட்டு பஸ்ஸில் இறங்கிவிடுகிறார்கள், பாதிப் படத்தில் எழுந்து போவது மாதிரி. இறக்கத்தில் இன்ஜினுக்கு வேலை வேறு: அது இழுக்கவில்லை, பிடித்து நிறுத்திக்கொண்டே வருகிறது. சிலிண்டர்களை நீராவிக்குப் பதிலாகக் காற்றை இழுக்க விட்டு, அந்தக் காற்றை அமுக்க விட்டு, அந்த எதிர்ப்பையே பிரேக்காக்குகிறார்கள். காற்றை அமுக்கினால் சூடாகும், சைக்கிள் பம்ப்பைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதனால் உள்ளே கொஞ்சம் தண்ணீரும் விடுகிறார்கள். 'சுக் சுக்' இல்லாமல் 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு நீள இரைச்சல், வழி நெடுக. அதுபோக பல் சக்கரத்துக்கென்று பட்டை பிரேக், பெட்டிகளில் பிரேக்ஸ்மேன்கள். ஹில்குரோவுக்குக் கீழே ஓர் இடத்தில் எங்கள் பெட்டியின் பிரேக்ஸ்மேன் கைச்சக்கரத்தைக் கால் சுற்று இறுக்கினார், பின்னால் இருந்தவர் அதே நொடியில் கால் சுற்று, ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. பேரன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான், போனை எடுக்கக்கூட மறந்துவிட்டான்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். ஏறும் பயணம் ஊட்டி வரை ஐந்து மணி நேரத்துக்குப் பக்கம், மீட்டர் கேஜ் பெட்டி என்பதால் எதிரில் இருப்பவரின் முட்டியும் உங்கள் முட்டியும் நண்பர்களாகிவிடும், கால் நீட்ட முடியாதவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாதையில் மண் சரிந்து வண்டி ரத்தாவது வழக்கம், அந்த மாதங்களில் மாற்று ஏற்பாடு இல்லாமல் கிளம்பாதீர்கள். லீவு நாள் டிக்கெட் வெகு முன்னாலேயே தீர்ந்துவிடும். கடைசிப் பெட்டியில் ஏறுகிறவர்கள் வெள்ளை உடுத்த வேண்டாம், குன்னூரில் வீட்டுக்காரம்மா தன் சேலைத் தலைப்பைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் பாய்லரே ஆறியிருக்கும்.